மாடி மேல் ஒரு மீன்முள்!

பழைய வீடுகளின் மொட்டை மாடியில், துருப்பிடித்த குழாயின் உச்சியில், மீனைத் தின்றுவிட்டு முள்ளை மட்டும் மாட்டி வைத்தது போல ஒன்று நிற்பதைப் பார்த்திருக்கிறீர்களா? அதுதான் டிவி ஆன்டெனா. பழைய அனலாக் முறையில் இயங்கி வந்த தரைவழி ஒளிபரப்பு நிலையங்களில் பெரும்பாலானவற்றை, தூர்தர்ஷன் 2022-ம் ஆண்டுக்குள் நிறுத்திவிட்டது. அதனால் மிச்சமிருக்கும் மீன்முட்களில் இப்போது காக்கைகள்தான் உட்காருகின்றன.

அடுத்த முறை அதைப் பார்த்தால் ஒன்றைக் கவனியுங்கள். ஐந்தாறு அலுமினியக் குழாய்கள் இருக்கும். ஆனால், வீட்டுக்குள் வரும் ஒயர் அவற்றில் ஒன்றே ஒன்றில்தான் மாட்டப்பட்டிருக்கும். அந்தக் குழாய் மட்டும் நீண்ட வளையம் போல மடங்கியிருக்கும். மற்றவற்றில் ஒயர் கிடையாது. நடுக்கம்பியில் திருகி வைத்ததோடு சரி. அப்படியானால் அவை எதற்கு? அழகுக்கா?

இல்லை. அந்த ஆன்டெனாவின் முழு சூட்சுமமும் ஒயர் இல்லாத குழாய்களில்தான் இருக்கிறது. அதைப் புரிந்துகொள்ள முதலில் ஒரு சின்னக் கணக்குப் போடுவோம்.

ஒளிபரப்புக் கோபுரத்திலிருந்து கிளம்பும் அலை ஒளியின் வேகத்தில், அதாவது நொடிக்கு சுமார் 3 லட்சம் கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. 300 என்ற எண்ணை, நிலையத்தின் மெகாஹெர்ட்ஸ் எண்ணால் வகுத்தால், அலையின் நீளம் மீட்டரில் கிடைத்துவிடும். 60 மெகாஹெர்ட்ஸ் என்றால் 5 மீட்டர். 200 மெகாஹெர்ட்ஸ் என்றால் ஒன்றரை மீட்டர். வளையக் குழாயின் நீளம் இதில் ஏறக்குறையப் பாதி இருக்க வேண்டும். அப்போதுதான் அலை வந்து பட்டதும், குழாயில் உள்ள மின்சாரம் தாளம் தப்பாமல் இப்படியும் அப்படியுமாக ஆடும். ஒரு வீட்டில் ஆள் உயரத்தை விடப் பெரிய ஆன்டெனாவும், வேறு ஊரில் அதில் மூன்றில் ஒரு பங்கு ஆன்டெனாவும் இருந்ததற்கு இதுதான் காரணம். பணக்காரர், ஏழை என்ற வித்தியாசம் இல்லை!

இனி ஒயர் இல்லாத குழாய்களுக்கு வருவோம். வளையத்துக்குப் பின்னால் உள்ள குழாய் கொஞ்சம் நீளம். முன்னால் உள்ளவை கொஞ்சம் குட்டை. ஏன் என்று தெரிய வேண்டுமா? துணி காயப்போடும் கொடிக்கயிற்றில் மூன்று நூல்களைத் தொங்க விடுங்கள். நடு நூலில் கனமான கல்லைக் கட்டுங்கள். அதைவிட நீளமான நூல் ஒன்று, குட்டையான நூல் ஒன்று, இரண்டிலும் சின்னக் கல். இப்போது நடுக்கல்லை மட்டும் ஆட்டிவிடுங்கள். சற்று நேரத்தில் மற்ற இரண்டும் தாமாகவே ஆடத் தொடங்கும். உற்றுப் பாருங்கள். குட்டை நூல், நடுக்கல்லோடு கூடவே ஓடும். நீள நூலோ சோம்பேறி! பின்தங்கிப் பின்தங்கி, நடுக்கல் வலப்பக்கம் போகும்போது அது இடப்பக்கம் போகும்.

குழாய்களிலும் இதே கதைதான். ஆடும் மின்சாரம் சும்மா இருக்காது. தானும் ஒரு குட்டி அலையை வெளியே அனுப்பும். நீளக் குழாய் அதைத் தாமதமாக அனுப்பும். குட்டைக் குழாய்கள் முந்தி அனுப்பும். முன்பக்கத்திலிருந்து வரும் நிகழ்ச்சி அலையோடு இந்தக் குட்டி அலைகள் வளையக் குழாயில் கைகோத்துக்கொள்கின்றன, அலை பலமாகிறது. பின்பக்கத்திலிருந்து ஏதாவது அலை வந்தாலோ, ஒன்றையொன்று இழுத்துப் பிடித்து அடக்கிவிடுகின்றன. மின்சாரச் செலவே இல்லாமல், வெறும் நீளத்தையும் இடைவெளியையும் வைத்தே ஓர் உலோகக் கூட்டத்துக்கு 'முகம்' கொடுத்துவிட்டார்கள் பாருங்கள்!

முகம் உண்டு என்பதால்தான் அதைத் திருப்பி வைக்க வேண்டியிருந்தது. 1980-களில் வெள்ளிக்கிழமை 'ஒலியும் ஒளியும்' தொடங்குமுன் எங்கள் தெருவில் பல மாடிகளில் ஆள் நிற்கும். "இப்போ தெரியுதா?" என்று மேலிருந்து ஒரு குரல். "இன்னும் கொஞ்சம்... போச்சு, போச்சு, பழையபடி திருப்பு!" என்று கீழிருந்து ஒரு குரல். ராமேசுவரம், தூத்துக்குடி பக்கமெல்லாம், 1982-ல் தொடங்கிய இலங்கையின் ரூபவாஹினியைப் பார்க்க ஆன்டெனாவைக் கடல் பக்கம் திருப்பி வைத்திருந்தார்கள்.

இதைக் கண்டுபிடித்தது யார்? 1920-களில் ஜப்பானின் செண்டாய் நகரில் உள்ள தோஹோகு பல்கலைக்கழகத்தில் ஹிதெட்சுகு யாகி என்ற பேராசிரியர் இருந்தார். அவரோடு சேர்ந்து ஆராய்ச்சி செய்தவர் ஷின்தாரோ உடா. உலோகக் கம்பிகளை வெட்டி, நீளத்தை மாற்றி, இடத்தை மாற்றி, ஒவ்வொரு தடவையும் அளந்து பார்க்கும் பொறுமையான வேலையில் பெரும்பகுதியைச் செய்தவர் உடாதான். 1926 முதல் ஜப்பானிய மொழியில் அதைப் பற்றிக் கட்டுரைகளும் எழுதினார். ஆனால், காப்புரிமை யாகி பெயரில் மட்டும் பதிவானது. 1928-ல் யாகி ஆங்கிலத்தில் எழுதிய கட்டுரைதான் உலகம் முழுக்கப் பரவியது. அந்தக் கட்டுரையில் உடாவின் பங்கை யாகி மறைக்கவில்லை. இருந்தும் உலகம் 'யாகி ஆன்டெனா' என்றே கூப்பிடப் பழகிவிட்டது. இன்று பாடப்புத்தகங்களில் 'யாகி-உடா' என்று இரண்டு பெயரையும் போடுகிறார்கள். அதுதான் நியாயம் என்பேன். உடா 1950-களில் டெல்லிக்கு வந்து, தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் சில ஆண்டுகள் வேலை பார்த்தவர் என்பது நமக்கு இன்னொரு சந்தோஷம்.

சொந்த நாட்டில் இந்தக் கண்டுபிடிப்பை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இரண்டாம் உலகப் போரில் 1942 பிப்ரவரியில் ஜப்பான் படை சிங்கப்பூரைப் பிடித்தது. அங்கே பிரிட்டிஷ் ரேடார் வீரர் ஒருவரின் குறிப்பேடு அகப்பட்டது. அதில் அடிக்கடி 'யாகி' என்ற சொல் வந்தது. ஜப்பானியப் பொறியாளர்களுக்கு அர்த்தம் புரியவில்லை. சிறைபிடித்த வீரரைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். "என்ன, உங்களுக்குத் தெரியாதா? அதைக் கண்டுபிடித்த ஜப்பானியரின் பெயர் ஆயிற்றே!" என்று அவர் ஆச்சரியப்பட்டதாகச் சொல்கிறார்கள். இதைவிட வேதனையான செய்தியும் உண்டு. 1945-ல் ஹிரோஷிமா, நாகசாகி மீது போடப்பட்ட அணுகுண்டுகளில், தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் வெடிக்க வேண்டும் என்று அளக்கும் ரேடார் கருவிக்கு யாகி ஆன்டெனாக்களையே பொருத்தியிருந்தார்கள். அப்போது யாகி, உடா இருவருமே உயிரோடு இருந்தார்கள்.

சரி, கதை போதும். நாமே ஓர் ஆன்டெனா செய்யலாமா? பேட்டரியில் ஓடும் எப்.எம். ரேடியோ ஒன்று வேண்டும். கரண்டில் செருகும் ரேடியோ கூடவே கூடாது. கொடைக்கானல் எப்.எம். 100.5 மெகாஹெர்ட்ஸ். 300-ஐ 100.5-ஆல் வகுத்தால் 2 மீட்டர் 98 சென்டிமீட்டர் வரும். பாதி, 149 சென்டிமீட்டர். அதில் சுமார் 5 சதவீதம் குறைத்து வெட்டுவது வழக்கம். அப்படியானால் 142. ஒரு கைக்கு 71 சென்டிமீட்டர். உங்கள் ஊரில் கேட்கும் நிலையம் வேறு என்றால், அதன் எண்ணைப் போட்டு நீங்களே கணக்கிடுங்கள்.

இரட்டை ஒயரை எடுத்து ஒரு முனையிலிருந்து 71 சென்டிமீட்டர் வரை இரண்டாகப் பிரியுங்கள். மேலும் பிரியாமல் அங்கே நூலால் கட்டிவிட்டு, இரண்டு கைகளையும் விரித்து ஒரு நீளக் குச்சியில் கட்டுங்கள். மறுமுனையில் ஓர் ஒயரை ரேடியோவின் ஏரியல் கம்பியில் சுற்றுங்கள். மற்றொன்றை பேட்டரியின் மைனஸ் முனையைத் தொடும் தகட்டில் செருகுங்கள். கொரகொரவென்று மங்கலாகக் கேட்கும் நிலையத்தைப் பிடித்துக்கொண்டு, குச்சியை மெதுவாகத் திருப்புங்கள். படுக்க வைத்தும், நிறுத்தியும் பாருங்கள். பிறகு ஒன்றரை மீட்டர் நீளமுள்ள இன்னொரு கம்பியை, எதிலும் இணைக்காமல், முக்கால் மீட்டர் தள்ளிக் குச்சிக்கு இணையாகப் பின்பக்கம் பிடிக்கச் சொல்லுங்கள். தம்பி, தங்கைக்கு இதைவிட நல்ல வேலை கிடைக்காது! இரைச்சல் குறைகிறதா, கூடுகிறதா?

வீட்டுக்குள்ளேயே செய்யுங்கள். ஆன்டெனாக் குழாய் மின்கம்பியில் பட்டு அந்தக் காலத்தில் உயிர்களே போயிருக்கின்றன. மாடிக்குக் கம்பியோடு போகாதீர்கள். இடி மின்னல் நேரத்தில் தொடவே வேண்டாம்.

மாடியை விட்டு இறங்கினாலும் யாகி ஆன்டெனா ஓய்வு பெறவில்லை. திருப்பதிக்குப் பக்கத்தில் காடங்கி என்ற ஊரில், தேசிய வளிமண்டல ஆய்வகத்தின் பெரிய ரேடார் இருக்கிறது. 130 மீட்டர் நீளம், 130 மீட்டர் அகலம் உள்ள மைதானத்தில் 32 வரிசை, வரிசைக்கு 32 என்று யாகி ஆன்டெனாக்கள். மொத்தம் எத்தனை என்று நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள். அத்தனையின் முகமும் நேர் மேலே, ஆகாயத்தைப் பார்த்திருக்கின்றன. 53 மெகாஹெர்ட்ஸ் அலையை மேலே அனுப்பி, காற்றில் பட்டுத் திரும்பி வரும் மிக மெல்லிய எதிரொலியைப் பிடித்து, விமானம் பறக்கும் உயரத்துக்கும் மேலே காற்று எந்தப் பக்கம், எவ்வளவு வேகத்தில் வீசுகிறது என்று அவை அளக்கின்றன. அவற்றின் கம்பி எவ்வளவு நீளம் இருக்கும்? கணக்கு உங்களுக்குத்தான் தெரியுமே!