தோட்டத்துத் திரை: அன்றும் இன்றும்

நெகிரி செம்பிலான் தோட்டங்களுக்கு ஒரு காலத்தில் சினிமா தேடி வந்தது. திடலில் இரண்டு கம்பம் நட்டு வெள்ளைத் துணி கட்டுவார்கள். எதிரே 16 மில்லிமீட்டர் புரொஜெக்டர். மறுநாள் இருட்டோடு எழுந்து ஆள்கணக்கு எடுக்கும் பெரட்டுக்குப் போக வேண்டியவர்கள், பாயும் பிள்ளைகளுமாக உட்கார்ந்து எம்.ஜி.ஆரையும் சிவாஜியையும் பார்த்தார்கள். கிராணி வீட்டுக்கு மட்டும் நாற்காலி.

இன்று சிரம்பானிலிருந்து தெற்கே வந்து பெடாஸில் இறங்கினால் எங்கும் செம்பனைதான். பால்மரம் அருகிவிட்டது. பால் வெட்டியவர்களின் பேரப்பிள்ளைகள் சிரம்பானிலும் செனவாங்கிலும் வேலை பார்க்கிறார்கள். அன்று ஒரு தோட்டமே ஒரு படத்தைப் பார்த்தது. இன்று ஒரே வீட்டில் ஆளுக்கொரு கைப்பேசியில் ஆளுக்கொரு படம் ஓடுகிறது.

அந்த வெள்ளைத் துணியில் எத்தனையோ கதைகள் ஓடின. எல்லாம் சென்னையிலிருந்து வந்தவை. பால் பிடிக்கும் மங்கும் தோளில் சுமக்கும் காண்டாவுமாகத் தோட்டத்தில் திரிந்தவர்களின் கதை அதில் வரவில்லை. படமெடுக்கத் தெரிந்த தமிழர் இங்கே இல்லாமலும் இல்லை. சென்னையில் பிறந்து பினாங்கில் வளர்ந்த எல். கிருஷ்ணன்தான் 1950இல் ‘பக்தி’ என்ற மலாய்ப் படத்தில் பி. ரம்லியை முதன்முதலாகக் கதாநாயகனாக்கினார். ஆனால் அவர் வேலை செய்தது ஷா சகோதரர்களின் சிங்கப்பூர் ஸ்டூடியோவில். கேமராவும் பிலிமும் முதலாளியுடையவை; சந்தை மலாய்ப் படத்துக்கு. தோட்டத் தமிழனைப் பற்றித் தமிழில் ஒரு படம் எடுக்க அங்கே யார் காசு போடுவார்கள்?

இதற்கிடையே தோட்டங்களே கைமாறத் தொடங்கின. வெள்ளைக்கார முதலாளிகள் விற்றுவிட்டுப் புறப்பட, தோட்டத் துண்டாடலில் குடும்பங்கள் சிதறின. 1960இல் துன் வீ.தி. சம்பந்தன் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தில் தொழிலாளர்கள் மாதம் 10 வெள்ளி கட்டிச் சேர்ந்து தோட்டங்களை வாங்கினார்கள். காப்பாற்ற முடிந்தது கொஞ்சம், போனது அதிகம்.

ஸ்டூடியோ முதலாளி இல்லாமல் படமெடுக்கலாம் என்ற நிலை டிஜிட்டல் வீடியோவோடுதான் வந்தது. பிலிம் காலத்தில் ஒரு காட்சியை மறுமுறை எடுக்கவே கையிருப்பைப் பார்க்க வேண்டும். லேப் செலவு வேறு. சின்ன கேமராவும் நண்பர்கள் சிலரும் போதும் என்றானபோது, 2005இல் தீபக் குமாரன் மேனன் ‘செம்மண் சாலை’யை எடுத்தார். 1960களின் ரப்பர் தோட்டம். மேலே படிக்க ஆசைப்படும் ஒரு பெண். அரைக் கூச்சல்கூட இல்லாத படம். பிரான்சின் நான்ட் நகரத் திரைப்பட விழாவில் அதற்குச் சிறப்பு விருது கிடைத்தது. சொந்த நாட்டிலோ, தேசிய மொழியில் இல்லாத காரணத்தால், உள்ளூர்ப் படங்களுக்குரிய கேளிக்கை வரிச் சலுகை அதற்குக் கிட்டவில்லை. இந்த மண்ணைப் பற்றி இவ்வளவு உண்மையாகப் பேசிய ஒரு படத்துக்கு இது நேர்ந்திருக்கக் கூடாது. 2007இல் ‘சலங்கை’ படத்தோடு தீபக் பிரிக்பீல்ட்ஸ் பக்கம் வந்தார்.

‘செம்மண் சாலை’க்குப் பத்தாண்டு கழித்து, 2015 டிசம்பரில் சஞ்சய் குமார் பெருமாளின் ‘ஜகாட்’ வந்தது. இதில் தோட்டம் இல்லை. தோட்டம் கைவிட்ட மனிதர்கள் இருக்கிறார்கள். 1991இல், புறம்போக்குக் குடியிருப்பு ஒன்றில் அப்போய் என்ற சிறுவன் வளர்கிறான். உழைத்து ஓயும் அப்பா ஒரு பக்கம், குண்டர் கும்பலில் சேர்ந்த சித்தப்பா மறுபக்கம். 2016 மலேசியத் திரைப்பட விழாவில் முதலில் தேசிய மொழியில் இல்லாத படங்களுக்கென்று தனிப் பிரிவு ஒதுக்கப்பட்டது. கலைஞர்களே எதிர்ப்புக் குரல் எழுப்பிய பிறகு பிரிவுகள் மாற்றப்பட்டன. ‘ஜகாட்’ சிறந்த மலேசியத் திரைப்பட விருதை வென்றது; சஞ்சய் சிறந்த புதுமுக இயக்குநர் விருதை வென்றார். பதினோராண்டில் வரிச் சலுகை மறுப்பிலிருந்து நாட்டின் விருது வரை வந்தது பெரிய தூரம்தான். இருந்தும், அவ்வளவு பேசப்பட்ட இயக்குநரின் அடுத்த முழுநீளப் படம் திரைக்கு வர எட்டாண்டுக்கு மேல் பிடித்தது.

எனக்கு உறுத்துவது இந்த இடைவெளிதான். அன்று கிருஷ்ணனுக்கு ஸ்டூடியோ இருந்தது: படம் ஓடினாலும் ஓடாவிட்டாலும் அடுத்த படத்துக்கு வேலை இருக்கும், ஆனால் கதை அவருடையதாக இருக்க வேண்டியதில்லை. இன்றைய சுயேச்சை இயக்குநருக்குக் கதை சொந்தம், கேமரா கைக்கு எட்டும் விலை, ஆஸ்ட்ரோவும் யூடியூபும் இருக்கின்றன. வாடகைக்கும் சோற்றுக்கும் மட்டும் விளம்பரப் படம், தொலைக்காட்சி நாடகம் என்று வேறு வேலை தேட வேண்டும். கருவி மலிந்தது, இயக்குநர் பட்டினியில்லாமல் காத்திருக்கும் காலம் மலியவில்லை.

இன்னொன்றும் உண்டு. கேமரா இல்லாத காலத்தில் லயம் இருந்தது, பால்கொட்டாய் இருந்தது, தண்டல் குரல் இருந்தது. இன்று ‘செம்மண் சாலை’ போன்ற கதையை எடுக்க வருபவர் பெரும்பாலும் செட் போட்டுத்தான் அவற்றைக் காட்ட முடியும்.

பெடாஸிலும் ரெம்பாவிலும் தோட்டத்தில் பிறந்து வளர்ந்த பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அலமாரியில் இருக்கும் பழைய புகைப்படங்களை, கதை கேட்டு வரும் இளைஞர்களுக்குக் காட்டுங்கள். பேசுங்கள், பதிவு செய்ய விடுங்கள். உள்ளூர்த் தமிழ்ப் படம் ஒன்று சிரம்பான் திரையரங்குக்கு வந்தால் முதல் வாரத்திலேயே குடும்பத்தோடு போய்ப் பாருங்கள். கூட்டம் சேராத படத்தை இரண்டாம் வாரம் வைத்திருக்க மாட்டார்கள்.