துண்டான விரல் மறுபடி ஒட்டுமா? ஒட்டும்!

கோலசிலாங்கூர், புக்கிட் ரோத்தான், ஈஜோக், பெஸ்தாரி ஜெயா பக்கத்துச் செம்பனைத் தோட்டங்களில் குலை வெட்டச் சின்ன மரத்துக்கு உளி, உயர்ந்த மரத்துக்கு நீளக் கம்பில் மாட்டிய அரிவாள். கொஞ்சம் வழுக்கினால் போதும், விரல் துண்டு! அந்த விரலைத் திரும்பக் கையில் வைத்துத் தைத்து ரத்தம் ஓட வைக்கலாம் என்பது தெரியுமா? 1965லேயே ஜப்பானின் நாரா நகரில் கொமாட்சுவும் தமாயும் முழுதாகத் துண்டான கட்டைவிரலை ஒட்டிப் பிழைக்க வைத்துவிட்டார்கள்!

விரலுக்கு ரத்தம் கொண்டுபோகும் தமனி எவ்வளவு பருமன்? ஏறக்குறைய 1 மில்லிமீட்டர். நுனிக்குப் போகப் போக அதிலும் பாதி! அதைத் தைக்கிற நைலான் நூல் தலைமுடியில் மூன்றில் ஒரு பங்குகூடத் தேறாது. நுண்ணோக்கியில் பார்த்தபடியே சுற்றிலும் ஆறு முதல் எட்டுத் தையல். ஒரு தையல் பிசகினாலும் ரத்தம் உறைந்து வழி அடைத்துக்கொள்ளும். எலும்பு, தசைநாண், நரம்பு, சிரை எல்லாவற்றையும் இணைத்தாக வேண்டும். ஒரே ஒரு விரலுக்கு இத்தனை பாடு!

அட்டை விரலைக் காப்பாற்றும் என்றால் நம்புவீர்களா? பால்மரக் காட்டில் காலைக் கடித்த அட்டைக்கு உறவுதான்! ஒட்டிய விரலுக்குள் வந்த ரத்தம் வெளியேற சிரை கிடைக்காவிட்டால் விரல் ஊதா நிறமாகி வீங்கும். மருத்துவத்துக்கென்றே வளர்த்த அட்டையை அங்கே விடுவார்கள். தேங்கிய ரத்தத்தை அது உறிஞ்சும். அதன் எச்சிலில் உள்ள ஹிருடின் ரத்தத்தை உறையவிடாது. சில நாளில் புதுச் சிரைகள் முளைத்துவிடும். 2004இல் அமெரிக்க அரசு அட்டையை மருத்துவச் சாதனமாகவே அங்கீகரித்தது!

நுனிச் சதை மட்டும் சாய்வாகச் சீவிப்போனால்? சென்னை ஸ்டான்லி மருத்துவமனையின் வெங்கடசாமியும் சுப்பிரமணியனும் 1980இல் வெளியிட்ட முறை இருக்கிறது. மீதி விரலின் உள்ளங்கைப் பக்கத் தோலை முக்கோணமாக வெட்டி, ரத்தக்குழாயும் நரம்பும் அறாமல் முன்னே நகர்த்தி நுனியை மூடுவது. தொட்டால் உணர்வு இருக்கும், விரலும் குட்டையாகாது. தமிழ்நாட்டில் பிறந்த இந்த முறையை உலகெங்கும் கை மருத்துவர்கள் கற்கிறார்கள், அவர்கள் பெயராலேயே அழைக்கிறார்கள். நாம் எத்தனை பேர் கேள்விப்பட்டிருக்கிறோம்?

கட்டைவிரலே இல்லாமல் போனால் கால்விரல் அந்த இடத்துக்கு வரும்! 1968இல் இங்கிலாந்தில் ஜான் காபெட் கால் பெருவிரலையே கட்டைவிரலாக்கினார்.

இதெல்லாம் எங்கோ நடப்பது என்று நினைக்காதீர்கள். நம் சிலாங்கூரிலேயே செலாயாங் மருத்துவமனையில் 2000ஆம் ஆண்டு டாக்டர் வி. பத்மநாதன் தலைமையிலான குழு, இறந்துபோன சிசுவின் கையை அதன் இரட்டைக்குப் பொருத்தியது. உருவொத்த இரட்டையர் என்பதால் உடல் அந்தக் கையை அந்நியமாக நினைக்கவில்லை! ஈஜோக்கிலிருந்து டெம்ப்ளர் பார்க் வரை 33 கிலோமீட்டர் லாத்தார் நெடுஞ்சாலை. அதைத் தாண்டினால் செலாயாங் பக்கம்தான்.

விரலில் தசை கிடையாது. அதனால் துண்டானாலும் மற்ற உறுப்புகளைவிட நீண்ட நேரம் தாங்கும். குளிர்ச்சியில் 24 மணி நேரம்கூட! தைவானில் 94 மணி நேரம் குளிரில் கிடந்த விரலையும் ஒட்டியிருக்கிறார்கள்!

சுத்தமாக வெட்டுப்பட்ட விரலுக்கு வாய்ப்பு அதிகம். இயந்திர ரோலரில் நசுங்கியதற்குக் குறைவு. ஆனாலும் "இனி ஆகாது" என்று யாரும் கீழே போட்டுவிட வேண்டாம். நசுங்கிய விரலின் தோலும் நரம்பும் பக்கத்து விரலுக்கு உதவும்! காயத்தில் சுத்தமான துணியை அழுத்திக் கட்டி, கையை உயர்த்திப் பிடித்து 999ஐ அழையுங்கள். துண்டை ஈரத் துணியில் சுற்றிப் பிளாஸ்டிக் பையில் போட்டு நன்றாகக் கட்டி, ஐஸ் கலந்த தண்ணீரில் அந்தப் பையை வையுங்கள். ஐஸ்கட்டி விரலில் நேராகப் படவே கூடாது. பட்டால் சதை உறைந்து செத்துவிடும்.