பழைய இழைப்புளிக்கு ஏற்ற அலகு

இங்கிலாந்தில் செய்த பழைய மர இழைப்புளியொன்று ஒருவர் கைக்கு வந்து சேருமாயின், அதன் உடல் எத்துணைத் திடமாயிருப்பினும், அலகு தேய்ந்தோ துருவால் அரிக்கப்பட்டோ போயிருந்தால், அதற்கு ஈடானதொன்றைத் தேடுவது சிரமமான காரியமே. ஷெபீல்டு நகரத்துக் கொல்லர்கள் மெல்லிரும்பின் முகத்தில் எஃகுத் தகட்டைக் காய்ச்சி ஒட்டி, வெட்டும் முனையில் கனமாகவும், மேலே செல்லச் செல்ல மெலிந்தும் வரும்படி அந்த அலகைச் சமைத்தார்கள். அச்சரிவை அனுசரித்தே அலகை இறுக்கும் ஆப்பும் செதுக்கப்பட்டிருப்பதால், ஒரே கனமுள்ள நவீன அலகு அங்கே உறுதியாய் நிற்பதில்லை. ஆகையால், அகலத்தை அளந்துகொண்டு, எஃகு இன்னும் நீளமாய் எஞ்சியிருக்கும் பழைய அலகையே நாடுவது உசிதம்.

1869-இல் லெனார்டு பெய்லியின் இழைப்புளிக் காப்புரிமைகளை வாங்கிய ஸ்டான்லி கம்பெனியின் இரும்பு இழைப்புளிகளுக்கோ அலகு சுலபமாய்க் கிடைக்கும். அவற்றுள் 4-ஆம் எண் இழைப்புளியின் அலகுக்கு 2 அங்குல அகலம். எனினும், 2 மில்லிமீட்டர் கனமிருந்த இடத்தில் 3 மில்லிமீட்டர் அலகைப் புகுத்தினால், வாய் நெருங்கிச் சீவல் சிக்கிக்கொள்ளக்கூடும். வாயை அரத்தால் ராவி அகலமாக்கப் பலர் துணிகிறார்கள்; ராவிய இரும்பு மீண்டும் வளராதாகையால், என் மனம் அதற்கு ஒப்புவதில்லை. மெல்லிய அலகொன்றைப் பொறுமையுடன் தேடுவதே எனக்குச் சம்மதம்.