ஈவ் மியூர்ஹெட்: கர்லிங் குடும்பத்தில் பிறந்த தலைவி

ஸ்காட்லாந்தின் உறைந்த ஏரிகளில் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே ஆடப்பட்ட கர்லிங், நால்வர் கொண்ட இரு அணிகள், கைப்பிடி பொருத்திய கிரானைட் கற்களைச் சுமார் 45 மீட்டர் நீளமுள்ள பனிக்கட்டித் தளத்தில் மாறி மாறி வழுக்கிவிட்டு, மறுமுனையில் வரைந்துள்ள வட்டங்களின் மையத்துக்கு நெருக்கமாக நிறுத்த முயலும் விளையாட்டாகும். ஏறத்தாழ 20 கிலோ எடையுள்ள கல், நீர்த்துளி தெளித்து உறையவைத்த நுண்ணிய புடைப்புகளின் மேல் ஓடுகிறது; எறியும்போது மெல்லச் சுழற்றிவிடுவதால் வேகம் குறையக் குறைய ஒருபுறம் வளைகிறது; ஓடும் கல்லுக்கு முன்னால் தோழர்கள் துடைப்பத்தால் பனியை வேகமாகத் தேய்த்தால் உராய்வு குறைந்து, வளைவு தள்ளிப்போய், கல் இன்னும் சிறிது தூரம் செல்கிறது. எந்தக் கல் எங்கே நிற்க வேண்டும் என்று முடிவுசெய்து, வழக்கமாகக் கடைசிக் கற்களைத் தாமே எறிபவர் ‘ஸ்கிப்’ எனப்படும் அணித்தலைவர்.

1990-இல் பிறந்து, பிளேர் அதோல் அருகே குடும்பத்தின் ஆட்டுப்பண்ணையில் வளர்ந்த ஈவ் மியூர்ஹெட்டுக்கு இந்த முடிவெடுக்கும் வேலை வீட்டிலேயே பழக்கமான ஒன்று. அவருடைய தந்தை கார்டன் மியூர்ஹெட் 1995 உலகப் போட்டியில் ஸ்காட்லாந்து அணிக்குத் தலைமை தாங்கி வெள்ளி வென்றவர். உடன்பிறந்தவர்களான கிளென், தாமஸ் இருவரும் 2018 பியோங்சாங் ஒலிம்பிக்கில் பிரிட்டனின் ஆடவர் அணியில் இடம்பெற்றார்கள். பனியைப் பார்த்தே அதன் வேகத்தைக் கணிக்கும் கண் இளமையிலேயே வாய்ப்பதற்கு இத்தகைய வீடு பெரிதும் துணைநிற்கும் என்பதில் ஐயமில்லை. ஆயினும் அவருடைய வரலாற்றின் சிறப்பு, குடும்பத்தால் கொடுக்க முடியாத பகுதியில்தான் இருக்கிறது.

உலக இளையோர் பட்டத்தை மொத்தம் நான்கு முறை வென்ற அவர், 19 வயதில் வான்கூவர் ஒலிம்பிக்கில் பிரிட்டனின் ஸ்கிப் ஆனார். 2013-இல் உலகப் பட்டமும், 2014 சோச்சியில் வெண்கலமும் பெற்றார். 2018-இல் ஜப்பானுக்கு எதிரான வெண்கல ஆட்டத்தில் ஒரு புள்ளி பின்தங்கியிருந்த நிலையில், இரண்டு புள்ளிகள் எடுத்து வென்றுவிடும் நோக்கத்துடன் அவர் எறிந்த கடைசிக் கல் குறி தவறியதால், ஜப்பான் 5-3 என்று வென்றது. தலைவரின் தனிமை முழுதும் வெளிப்பட்ட கணம் அது; அந்த ஒரு கல்லுக்கு அவரே பொறுப்பு. அவ்வாண்டே இடுப்பு அறுவை சிகிச்சையும் செய்துகொள்ள நேர்ந்தது.

2021 உலகப் போட்டியில் எட்டாம் இடமே கிடைத்ததால் ஒலிம்பிக் வாய்ப்பு நேரடியாக அமையவில்லை. அதன்பின் ஒன்பது வீராங்கனைகள் கொண்ட குழு அமைக்கப்பட்டு, வெவ்வேறு சேர்க்கைகளில் ஆடவைத்து அணி தேர்ந்தெடுக்கப்பட்டபோது, முன்னாள் உலக வெற்றியாளரும் தம் இடத்தைப் புதிதாகப் பெற வேண்டியிருந்தது. குடும்பப் பெயரும் பழைய பதக்கமும் எடுபடாத இந்த ஏற்பாட்டைக் கடுமையானது என்று சொல்லலாம். ஆனால் அதிலிருந்து உருவான அணியே அவ்வாண்டு ஐரோப்பியப் பட்டத்தை வென்று, தகுதிச் சுற்றையும் கடந்தது.

2022 பெய்ஜிங்கில் முதற்சுற்றில் ஐந்து வெற்றி, நான்கு தோல்வி. பிரிட்டன், ஜப்பான், கனடா மூன்றும் சமநிலை. இத்தகைய நிலையில், ஆட்டங்களுக்கு முன் எறியப்படும் பயிற்சிக் கற்கள் மையத்திலிருந்து எவ்வளவு தள்ளி நின்றன என்ற சென்டிமீட்டர் கணக்கே இடங்களை முடிவுசெய்யும். அந்தக் கணக்கால் கனடா வெளியேற, பிரிட்டன் அரையிறுதிக்குச் சென்றது. அங்கு ஆட்டத்தின் முதல் பகுதியிலேயே ஸ்வீடனிடம் 0-4 எனப் பின்தங்கியும், கூடுதல் பகுதியில் 12-11 என மீண்டு, இறுதியில் ஜப்பானை 10-3 என வென்று, 2002-க்குப் பிறகு பிரிட்டிஷ் மகளிர் கர்லிங்கின் முதல் ஒலிம்பிக் தங்கத்தை அந்த அணி பெற்றது. விக்கி ரைட், ஜெனிஃபர் டாட்ஸ், ஹெய்லி டஃப், மிலி ஸ்மித் ஆகியோர் உடனிருந்தனர். அவ்வாண்டிலேயே பாபி லேமியுடன் கலப்பு இரட்டையர் உலகப் பட்டத்தையும் வென்ற ஈவ், ஆகஸ்டில் போட்டிகளிலிருந்து ஓய்வு பெற்றார்.