பலகை பொருத்தினால் பழைய கீபோர்டு புதிதாகிவிடுமா?

கிள்ளானில் கோயில் பஜனைக் குழுவில் வாசிக்கும் படிவம் நான்கு மாணவர் ஒருவர் என்னிடம் கேட்டார்: "சார், பிரிக்பீல்ட்ஸில் ஒருவர் பழைய ரோலண்ட் எக்ஸ்பி-50 கீபோர்டு விற்கிறார். கூடுதல் ஒலிப்பலகை பொருத்தினால் புதிய கீபோர்டு மாதிரி ஆகிவிடுமாம். சேர்த்து வைத்த பணத்தைக் கொடுக்கலாமா?"

கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஜப்பானின் ரோலண்ட் நிறுவனம் 1994இல் ஜேவி-1080 என்ற சிந்தசைசரை வெளியிட்டது. எக்ஸ்பி-50 அதே குடும்பத்தைச் சேர்ந்தது. இவற்றின் நினைவகத்தில் உண்மையான இசைக்கருவிகளின் ஒலிப்பதிவுகள் எண்களாக உள்ளன. குறுந்தட்டுத் தரத்தில், ஒரு விநாடி ஒலிக்கு 44,100 எண்கள் தேவை. ஓர் எண்ணுக்கு 2 பைட். ஆக, விநாடிக்கு 88,200 பைட். ஜேவி-1080இன் உள் நினைவகம் 8 மெகாபைட்தான். அப்படியே பதிந்தால் ஏறக்குறைய 95 விநாடிகளில் இடம் நிரம்பிவிடும்!

பிறகு எப்படி இத்தனை கருவிகள்? ஒலியைச் சுருக்கிப் பதிகிறார்கள். வயலின் ஒலியின் சிறு பகுதியைத் திரும்பத் திரும்ப ஓடவிடுகிறார்கள். 440 ஹெர்ட்ஸ் பதிவை இருமடங்கு வேகத்தில் படித்தால் 880 ஹெர்ட்ஸ், அதாவது ஒரு ஸ்தாயி மேலே உள்ள சுரம் கிடைக்கும். எனவே எல்லாக் கட்டைகளுக்கும் தனித்தனிப் பதிவு தேவையில்லை.

இங்கேதான் கூடுதல் பலகை உதவுகிறது. எஸ்ஆர்-ஜேவி80 வரிசைப் பலகை ஒவ்வொன்றும் 8 மெகாபைட் புதிய ஒலிகளைக் கொண்டது. பியானோவுக்கு ஒன்று, வாத்தியக் குழுவுக்கு ஒன்று, ஆசியக் கருவிகளுக்கு ஒன்று எனப் பல உண்டு. ஜேவி-80இல் 1 பலகை, ஜேவி-1080இலும் எக்ஸ்பி-50இலும் 4, ஜேவி-2080இல் 8 பொருத்தலாம். பின்னாளில் வந்த எஸ்ஆர்எக்ஸ் பலகைகள் இந்தப் பழைய துளைகளில் பொருந்தா.

ஆனால், பலகை நினைவகத்தை மட்டுமே கூட்டுகிறது. ஒலியை உருவாக்கும் சில்லு மாறுவதில்லை. எக்ஸ்பி-50 ஒரே நேரத்தில் 64 குரல்களை மட்டுமே எழுப்பும். ஓர் ஒலியமைப்பில் 4 அடுக்குகள் இருந்தால், ஒரு கட்டைக்கு 4 குரல்கள் செலவாகும். 64 ÷ 4 = 16. பதினேழாவது சுரம் வரும்போது முந்தைய ஒன்று அடங்கிவிடும். நான்கு பலகைகள் போட்டாலும் இதே கதைதான். நூலகத்தில் புத்தகங்கள் கூடின, மேசைகள் கூடவில்லை!

அந்த மாணவரிடம் மூன்று விஷயங்களைச் சொன்னேன். பணம் கொடுக்கும் முன் எல்லாக் கட்டைகளையும் அழுத்திப் பார். உள்ளே எந்தப் பலகை இருக்கிறது, அதன் ஒலி உன் குழுவுக்குத் தேவையா என்று கேள். நான்கு அடுக்கு ஒலியொன்றைத் தேர்ந்து, மிதியை அழுத்தியபடி இருபது கட்டைகளை ஒவ்வொன்றாகத் தட்டு. முதல் சுரங்கள் அடங்குவது தெரியும்.

வீட்டில் கீபோர்டு இருந்தால் நீங்களும் இன்றே செய்து பாருங்கள். வயலின் ஒலியில் ஒரு கட்டையை அழுத்திப் பிடித்துக்கொண்டு கூர்ந்து கேளுங்கள். ஒலி எந்த இடத்திலிருந்து திரும்பத் தொடங்குகிறது என்று கண்டுபிடிக்க முடிகிறதா?