எந்த வருஷத்து விக்ராந்த்?

பெரம்பலூரில் கடல் கிடையாது. பக்கத்து அரியலூரிலும் கிடையாது. ஒரு காலத்தில் இருந்தது. சாத்தனூர் கல்மரமும், காரைப் பக்கத்து ஓடைகளில் கிடைக்கும் சிப்பி, அம்மோனைட் படிவங்களும் அதற்குச் சாட்சி. அந்தக் கடல் பின்வாங்கி ஆறு கோடி வருஷத்துக்கு மேல் ஆகிறது. இப்படிப்பட்ட ஊரில் உட்கார்ந்துகொண்டு ஒருத்தன் விமானம் தாங்கிக் கப்பல் கட்டுகிறேன் என்றால் வீட்டில் என்ன சொல்வார்கள்? "மொதல்ல மொட்டை மாடி ஒழுகுறதப் பாருங்க" என்றார்கள். நியாயம்தான்.

நான் கட்டியது ஐ.என்.எஸ். விக்ராந்தின் மாதிரி. 2022-ல் கொச்சியில் சேவைக்கு வந்த புது விக்ராந்த் அல்ல, பழையது. இரண்டுக்கும் ஒரே பெயர், R11 என்ற ஒரே எண். இணையத்தில் படம் தேடினால் இரண்டும் கலந்துதான் வரும். ஆனால் என்னை ஏமாற்றியது அந்தக் குழப்பம் இல்லை. பழைய விக்ராந்துக்குள்ளேயே பல விக்ராந்த்கள் இருக்கின்றன என்பது எனக்குத் தெரியாமல் போனதுதான் பிரச்சினை. ஒரு கப்பலைத் தப்பாகக் கட்டி முடித்த பிறகே அது தெரிந்தது.

இரண்டாம் உலகப் போரின் குழந்தை

இந்தக் கப்பல் பிறக்கும்போது அதன் பெயர் எச்.எம்.எஸ். ஹெர்குலிஸ். 1943 அக்டோபரில் இங்கிலாந்தின் டைன் நதிக்கரையில், விக்கர்ஸ் ஆம்ஸ்ட்ராங் தளத்தில் கட்டத் தொடங்கினார்கள். போர் நடந்துகொண்டிருந்தது, விமானம் தாங்கிகள் அவசரமாகத் தேவைப்பட்டன. அதனால் உடல் அமைப்பில் வணிகக் கப்பல் தர முறைகளைப் பின்பற்றி, சாதாரணத் தளங்களிலும் சீக்கிரம் கட்டி முடிக்கக்கூடிய சிறிய வகை ஒன்றை வடிவமைத்தார்கள். நெடுங்காலம் உழைக்க வேண்டும் என்ற எண்ணமே இல்லை. அந்தப் போருக்குத் தாங்கினால் போதும்.

1945 செப்டம்பர் 22-ல் கப்பல் தண்ணீரில் இறங்கியது. அதற்குள் போர் முடிந்துவிட்டது. 1946-ல் வேலையை நிறுத்தினார்கள். பாதிக் கப்பல் பத்து வருஷத்துக்கு மேல் சும்மா கிடந்தது. 1957-ல் இந்தியா வாங்கியது. பெல்ஃபாஸ்டில் ஹார்லாண்ட் அண்ட் உல்ஃப் தளத்தில் (டைட்டானிக் கட்டிய அதே நிறுவனம்) மீதி வேலை நடந்தது. 1961 மார்ச் 4-ல் விஜயலட்சுமி பண்டிட் சேவையில் சேர்த்துவைத்தார். 1997 ஜனவரி 31 வரை உழைத்தது. போர் முடியும்வரை தாங்கினால் போதும் என்று கட்டிய உடல், 36 வருஷம் ஓடியது.

350-ல் ஒன்று

மாதிரி செய்வதில் முதல் முடிவு, எத்தனையில் ஒரு பங்கு என்பது. நான் 1:350 எடுத்தேன். விக்ராந்தின் நீளம் சுமார் 213 மீட்டர், 350-ஆல் வகுத்தால் 61 செ.மீ. எங்கள் வீட்டு ஷோகேஸ் தட்டு 65 செ.மீ. உலக வழக்கப்படி எடுத்த முடிவு மாதிரி தெரியும், உண்மையில் தட்டு எடுத்த முடிவு.

213 மீட்டர் என்றால் எவ்வளவு என்பதை நம்ம ஊர்க் கணக்கில் சொல்கிறேன். கங்கைகொண்ட சோழபுரம் விமானம் சுமார் 55 மீட்டர் உயரம். அதைப் படுக்கவைத்து, அதே மாதிரி நான்கை வரிசையாக அடுக்கினால் ஏறக்குறைய விக்ராந்த். சாத்தனூர் கல்மரம் 18 மீட்டர், 1:350-ல் 5 செ.மீ. சீஹாக் போர் விமானம் 12 மீட்டர், மாதிரியில் மூன்றரை செ.மீ. ஆள் அரை செ.மீ.கூட வரமாட்டார்.

நீளம் இப்படி நேராகக் குறைகிறது. எடை அப்படிக் குறைவதில்லை, நீளம், அகலம், உயரம் மூன்றிலும் குறைகிறது. 350-ஐ மூன்று முறை பெருக்கினால் 4 கோடியே 28 லட்சத்து 75 ஆயிரம். முழுச் சுமையோடு விக்ராந்தின் எடை சுமார் 19,500 டன், அதாவது 1 கோடியே 95 லட்சம் கிலோ. வகுத்துப் பாருங்கள், சுமார் 455 கிராம் வரும். அரை கிலோகூட இல்லை! என் மாதிரியைத் தராசில் வைத்தபோது ஒரு கிலோவுக்கு மேல் இருந்தது. காரணம், என்னுடையது உள்ளே குடையாத மரம். நிஜக் கப்பல் இரும்பால் ஆனது என்று சொல்கிறோமே தவிர, அதன் வயிற்றில் பெரும்பகுதி காற்றுதான். அதனால்தான் மிதக்கிறது.

பட்டியும் கடிகாரச் சுருளும்

எனக்கு எட்டிய கடைகளில் இந்தக் கப்பலுக்கு கிட் இல்லை. முழுக்கக் கையால்தான். மெல்லிய எம்.டி.எஃப். பலகைகளைக் கப்பலின் ஒவ்வொரு மட்டத்துக்கும் தக்க வடிவில் வெட்டி, ஒன்றன்மேல் ஒன்றாக ஃபெவிகால் போட்டு அடுக்கினேன். படிக்கட்டு மாதிரி நிற்கும். அந்தப் படிகளை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் வளைவு வரும். இடுக்குகளை அடைக்க டிங்கரிங் பட்டறையில் காருக்குப் பூசும் பட்டியே போதும். பட்டி பூசி, காயவிட்டு, தண்ணீர் தொட்டு வாட்டர் பேப்பரில் தேய்த்து, மறுபடியும் பூசி... நாலு ஞாயிற்றுக்கிழமை இதிலேயே போயிற்று.

கைப்பிடிக் கம்பிகள் இன்னொரு தலைவலி. சாதாரண ஒயரைப் பிரித்தால் வரும் செம்பு இழை 0.2 மி.மீ. மெல்லிசுதான் என்று நினைப்போம். 350-ஆல் பெருக்கினால் 7 செ.மீ. அவ்வளவு தடிமனில் கப்பலில் யாரும் கைப்பிடி வைப்பதில்லை. கடைசியில் ஓடாத சுவர்க் கடிகாரத்தைப் பிரித்து, உள்ளே இருந்த சுருளின் கம்பியை எடுத்தேன். தலைமுடி மாதிரி இருக்கும்.

தேவையான அளவுகள் எல்லாம் வரைபடத்தில் கிடைக்காது. படத்திலிருந்து எடுக்க வேண்டும். தளத்தில் ஒரு சீஹாக் நிற்கிறது, அதன் நீளம் தெரியும். அதே தூரத்தில், அதே கோணத்தில் உள்ள இன்னொரு பொருளை அதோடு ஒப்பிட்டால் அளவு வந்துவிடும். இப்போது இதைத் தவிர வழியும் இல்லை. போய் டேப் வைத்து அளக்கக் கப்பல் இல்லை. மும்பையில் அருங்காட்சியகமாக நின்றது, பிறகு 2014-ல் 60 கோடி ரூபாய்க்கு ஏலம் போய், உடைக்கப்பட்டுவிட்டது. அந்த உலோகத்தில் கொஞ்சம் பஜாஜ் வி பைக்கின் பெட்ரோல் டாங்கில் சேர்ந்திருக்கிறது. பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் அந்த பைக்கைப் பார்த்தால் இப்போதும் ஒரு நொடி நிற்பேன்.

"சக்கரவர்த்தி வேகத்துல போவுதே?"

என் நல்ல நேரம், மும்பையில் வேலை பார்த்த காலத்தில் அருங்காட்சியகக் கப்பலுக்குப் போய் நிறையப் படம் எடுத்திருந்தேன். அதை வைத்துத்தான் கட்டினேன். தளத்தில் சீஹாக்குகளை நிறுத்தினேன். 1971 டிசம்பர், வங்காள விரிகுடா என்று அடியில் எழுதினேன். கடல் தெரிய வேண்டும் என்பதற்காக நீர்மட்டத்துக்கு மேல் உள்ள பகுதியை மட்டும் செய்து, கீழே நீலக் கடலைப் பூசி, முன்னால் பெரிய வெள்ளை அலையை எழுப்பினேன். ஒன்றரை வருஷ வேலை.

அப்பாவின் நண்பர் ஒருவர் அரியலூர் பக்கம் இருக்கிறார். எழுபதைத் தாண்டியவர். 1971-ல் விக்ராந்தின் இன்ஜின் பகுதியில் வேலை பார்த்தவர். நான் மாமா என்றுதான் கூப்பிடுவேன். அவரை வரவழைத்துக் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார்.

"எந்த வருஷத்துக் கப்பல் தம்பி இது?"

"1971 மாமா."

"அப்ப முன்னாடி இது என்ன, சறுக்கு மரம் மாதிரி?"

அங்கேதான் நான் மாட்டினேன். மூக்குப் பக்கம் மேல்நோக்கி வளைந்த மேடை, ஸ்கீ ஜம்ப். சீ ஹாரியர் விமானங்களுக்காக 1980-களில் வைத்தது. 1971-ல் தளம் தட்டையாக இருந்தது. சீஹாக்கையும் அலிசேயையும் நீராவிக் கேடபுல்ட்தான் உந்தித் தள்ளியது. நான் எடுத்த படங்கள் கப்பலின் கடைசி உருவம். சாஃப்ட்வேர்க்காரன் பாஷையில் சொன்னால், பழைய வெர்ஷனின் டேட்டாவைக் கடைசி வெர்ஷனில் ஏற்றிவைத்திருக்கிறேன்.

அடுத்து அலையைக் காட்டினார். "சக்கரவர்த்தி வேகத்துல போவுதே? நமக்கு ஒரு பாய்லர் இல்லையேப்பா."

காற்று, நீராவி, வேகம்

இது நான் படித்துக் கடந்துபோன விஷயம், உறைக்கவில்லை. விக்ராந்தில் நான்கு பாய்லர்கள். அதில் ஒன்று விரிசல் விட்டு 1971-ல் பயன்படுத்த முடியாத நிலையில் இருந்தது. மற்றவற்றையும் பார்த்துப் பார்த்துத்தான் ஓட்ட வேண்டும். இந்தக் கப்பலைப் போருக்கு அனுப்பலாமா என்பதே அப்போது பெரிய கேள்வி.

விமானம் தாங்கிக்கு வேகம் வெறும் ஓட்டத்துக்காக இல்லை. இறக்கையின் மேல் எவ்வளவு காற்று ஓடுகிறது என்பதுதான் விமானத்துக்கு முக்கியம். அதனால் கப்பல் காற்றை எதிர்த்துத் திரும்பி ஓடும். உதாரணத்துக்கு, எதிர்க்காற்று 10 நாட், கப்பல் 20 நாட் என்றால், விமானம் நகரும் முன்பே 30 நாட் காற்று கிடைத்துவிடும். மீதியைக் கேடபுல்ட் கொடுக்கும். கப்பல் வேகம் குறைந்தால் அந்தப் பாரம் முழுக்கக் கேடபுல்ட் தலையில். கேடபுல்ட்டுக்கு நீராவி எங்கிருந்து? அதே பாய்லர்களிலிருந்து. ஒரு பாய்லர் போனால் இரண்டு பக்கமும் அடி.

இந்த நிலையில்தான் அது போருக்குப் போனது. 1971 நவம்பரில் சென்னையிலிருந்து கிளம்பி அந்தமான் பக்கம் மறைவாக நின்றது. அதைத் தேடி வந்த பாகிஸ்தான் நீர்மூழ்கி காஸி, விசாகப்பட்டினத்துக்கு வெளியே மூழ்கியது. எப்படி மூழ்கியது என்பதில் இரு நாட்டுக்கும் இன்றுவரை ஒரே பதில் இல்லை. டிசம்பர் 4-ல் விக்ராந்தின் சீஹாக்குகள் காக்ஸ் பஜாரையும் சிட்டகாங்கையும் தாக்கின. டிசம்பர் 16-ல் டாக்காவில் சரணடைதல்.

நான் எழுப்பிய அந்தப் பெரிய அலை, இந்த வரலாற்றையே மறைத்துவிட்டது. அழகுக்காக வைத்த அலை அது. கப்பல் கஷ்டப்பட்டு ஓடியது என்பதுதான் விஷயமே.

2.1 சென்டிமீட்டர்

மூன்றாவதாக ஒன்று கேட்டார் மாமா. அது குறையாகச் சொன்னது இல்லை, சும்மா கேட்டார்.

"நான் இருந்த எடம் எங்க தம்பி?"

மாதிரியில் அந்த இடமே இல்லை. பாய்லர்கள் கப்பலின் அடிவயிற்றில், நீர்மட்டத்துக்குக் கீழே. நான் கடலைக் காட்டுவதற்காக வெட்டி எறிந்த பகுதி. விக்ராந்த் தண்ணீருக்குள் இறங்கி நிற்கும் ஆழம் 7.3 மீட்டர், 1:350-ல் 2.1 செ.மீ. அந்த 2.1 செ.மீ.க்குள்தான் அவர் இருந்தார். போர் நடந்த நாட்களில் ஒரு விமானம் பறந்து அவர் பார்த்ததில்லையாம். "மேல கேடபுல்ட் அடிச்சா கப்பல் பூரா ஒரு குலுக்கு வரும். அதை வெச்சு எண்ணுவோம், போனது எத்தனைன்னு. வந்தது எத்தனைன்னு யாராவது எறங்கி வந்து சொன்னாத்தான்."

அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. அடுத்த வாரம் புதுப் பலகை வாங்கினேன்.

இரண்டாவது கப்பல் முழு உடலோடு இருக்கிறது. தட்டையான தளம், கேடபுல்ட் தடம், அடியில் இரண்டு சுழலிகள், சுக்கான். கடல் இல்லை, அலையும் இல்லை, இரண்டு மரத் தாங்கியில் நிற்கிறது. ஷோகேஸில் முதலாவது அளவுக்கு எடுப்பாக இருக்காது. இதற்குப் பத்து மாதம். ஏனென்றால் இந்த முறை வெட்டுவதற்கு முன்னால் ஒவ்வொரு படத்துக்கும் ஒரே கேள்விதான் கேட்டேன்: இது எந்த வருஷம்? தேதி தெரியாத படம் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் ஓரமாக வைத்தேன். மங்கலாக இருந்தாலும் தேதி தெரிந்த படத்தை எடுத்துக்கொண்டேன். கோயில் கல்வெட்டைப் படிக்கிறவர்கள் முதலில் ஆட்சியாண்டைத் தேடுவதும் இதற்காகத்தான். ஒரு பொருளின் ஆயுள் நீளமாக இருந்தால், அது ஒரே பொருளாக இருப்பதில்லை.

முதல் கப்பலைத் தூக்கிப் போடவில்லை. அடியில் எழுதியிருந்ததை அழித்துவிட்டு, சீஹாக்குகளை எடுத்துவிட்டேன். இப்போது அது விமானம் இல்லாத, மும்பையில் நான் பார்த்த கப்பல். அந்த அலையை மட்டும் உளியால் செதுக்கி எடுக்க வேண்டியிருந்தது. நின்ற கப்பலுக்கு அலை எதற்கு?

போன பொங்கலுக்கு மாமாவிடம் இரண்டாவதைக் காட்டினேன். வாங்கித் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தார். பக்கவாட்டில், நடுவிலிருந்து கொஞ்சம் தள்ளி, சிவப்புச் சாயம் பூசிய இடத்தில் விரலை வைத்தார்.

"இங்க," என்றார். "செம சூடு."