பார்வையால் ஆடு மடக்கும் நாய்

ஆடு வளர்க்கும் ஊர்களில் நாயும் இருக்கும். கிடைக்குக் காவல் இருப்பது அதன் வேலை. ஆட்டை மடக்கி ஓட்டி வருவது நம் வேலை.

பிரிட்டனில் அந்த வேலையையும் ஒரு நாய் செய்கிறது. அதன் பெயர் பார்டர் கோலி. பார்டர் என்றால் எல்லை. இங்கிலாந்துக்கும் ஸ்காட்லாந்துக்கும் நடுவில் உள்ள எல்லைப் பகுதிதான் இதன் சொந்த ஊர்.

அங்கே செம்மறி ஆடுகள் மலைச்சரிவில் வெகுதூரம் பரவி மேயும். ஒரு ஆள் ஓடி மடக்க முடியாது. மேய்ப்பவர் கீழே நின்று சீட்டி அடிப்பார். ஒரு சீட்டிக்கு இடப்பக்கம் போக வேண்டும். இன்னொன்றுக்கு வலப்பக்கம். வேறொன்றுக்கு அப்படியே படுத்துவிட வேண்டும். நாய் நேராக மந்தைக்குள் பாயாது. பெரிதாக வட்டம் போட்டு ஆடுகளுக்குப் பின்னால் போகும். தலையைத் தாழ்த்தி, பூனைபோலப் பதுங்கி, ஆடுகளையே உற்றுப் பார்க்கும். குரைக்காது. அந்தப் பார்வைக்கே ஆடுகள் நகர்ந்துவிடும்!

இது எப்படி வந்தது? ஓநாயும் இரையை இப்படித்தான் பார்க்கும், பதுங்கும், துரத்தும். கடைசியில் கொல்லும். மேய்ப்பவர்கள் ஆட்டைக் கடிக்காத நாய்களாகப் பொறுக்கி, பல தலைமுறையாகக் குட்டி எடுத்தார்கள். பார்வையும் பதுங்கலும் தங்கின. கொல்லும் குணம் அடங்கியது. 1893-ல் ஆடம் டெல்ஃபர் என்ற விவசாயியிடம் ஹெம்ப் என்ற நாய் பிறந்தது. சத்தமில்லாமல் வேலை செய்வதில் அது பெயர் பெற்றது. இன்றுள்ள பார்டர் கோலிகளில் பெரும்பாலானவை அதன் வம்சம்தான்.

அறிவும் அதிகம். அமெரிக்காவில் சேசர் என்ற பெண் நாய் 1,022 பொம்மைகளைப் பெயர் சொன்னால் எடுத்து வந்தது. அதற்குச் சொல்லிக்கொடுக்க மூன்று வருடம் ஆனது.

இதையெல்லாம் கேட்டு, நகரங்களில் சிலர் ஆசையாகக் குட்டி வாங்குகிறார்கள். மாடி வீட்டில் கட்டிப் போடுகிறார்கள். நாள் முழுதும் ஓடப் பிறந்த நாய் அது. வேலை இல்லாவிட்டால் தானே ஒரு வேலையைத் தேடிக்கொள்ளும். மோட்டார் சைக்கிளை மடக்கப் பார்க்கும். ஓடும் குழந்தையின் குதிகாலைக் கவ்வும். சுவரில் விழும் நிழலை ஓயாமல் துரத்தும். உடனே “கெட்ட நாய்” என்று பெயர் வைத்து விரட்டிவிடுகிறார்கள். நாய்மேல் என்ன குற்றம்?

சோறு போட்டால் மட்டும் இதற்குப் போதாது. தினமும் காலையும் மாலையும் நன்றாக ஓடவிட வேண்டும். புதிதாக ஏதாவது பழக்கிக்கொண்டே இருக்க வேண்டும். அடர்ந்த ரோமம் இருப்பதால் நம் கோடை வெயில் இதற்கு ஆகாது. வீட்டுக்கோ தோட்டத்துக்கோ காவல்தான் தேவை என்றால், நாட்டு நாய்க் குட்டி ஒன்றே போதும்.